ஹெட்டைப் பிரிக்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் ஏறுகின்றன. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். கொஞ்சம் நிலமும் ஒரு பழைய ஜீப்பும் வைத்துக் குடும்பம் நடத்தும் விவசாயிக்கு, பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தால் அன்றைய வரும்படி போயிற்று.

அதைவிடப் பெரிய நஷ்டம் பட்டறையில் காத்திருக்கிறது. வண்டி கொதித்தது என்றதுமே "ஹெட் காஸ்கெட் போய்விட்டது, பிரிக்க வேண்டும்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பிரித்தபின் காஸ்கெட் நன்றாகவே இருந்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பது? சோதித்துக் காட்டிய பிறகே ஹெட்டில் கைவைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையல்ல. இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்புவரை நிரப்பி ஸ்டார்ட் செய்ய வேண்டும். உள்ளே தங்கிய காற்று சற்று நேரம் குமிழியிட்டு அடங்கும். அடங்காமல், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குமிழி கூடினால், சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீருக்குள் புகுகிறது என்று கொள்ளலாம். சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே கூடாது.

அடுத்து ஆயில் குச்சி. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதன்பின் வண்டியைச் சிறிது தூரம்கூட ஓட்டலாகாது, பேரிங்குகள் தேய்ந்துபோகும். ஆனால் ஆயில் சுத்தமாக இருப்பதாலேயே காஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. மார்கழிக் காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை வெறும் ஈரம்தான். எஞ்சின் சூடேறிய பின்னும் புகை நிற்காமல், வெளியே ஒழுக்கு இல்லாமலே தண்ணீரும் குறைந்துவந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இந்த அடையாளங்கள் இல்லையென்றால், தளர்ந்த பேன் பெல்ட், தூசி அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

காஸ்கெட்தான் என்று உறுதியானாலும், புதியதைப் போட்டு மூடிவிட்டால் போதாது. சூட்டில் ஹெட் வளைந்திருக்கக்கூடும். மட்டச் சட்டம் வைத்துப் பார்த்து, வளைவு இருந்தால் லேத் பட்டறையில் மட்டம் செய்ய வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கம்பெனி சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்ச் கொண்டு படிப்படியாக இறுக்க வேண்டும். கைப்பழக்கத்தில் இறுக்கிய ஹெட் போடிமெட்டின் பாதி வளைவுகளைத் தாண்டுவதற்குள் மறுபடி கசிந்தால் வியப்பில்லை.