கருவில் இருக்கும் சிசுவுக்குப் பலூன் வைத்தியம்!

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுமா?

விடும்! காற்று இல்லாவிட்டாலும், குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை டாக்டர்கள் ஸ்கேன் படத்தில் பார்க்கிறார்கள்.

அப்போது நுரையீரலில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீரை நுரையீரலே சுரக்கிறது. நீர் உள்ளிருந்து மெல்லத் தள்ளுகிறது. நுரையீரல் விரிகிறது. விரிய விரிய வளர்கிறது!

விரிய இடம் இல்லாத நுரையீரல் வளராது.

திரையில் ஓட்டை

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே தசையால் ஆன திரை ஒன்று உண்டு. அதன் பெயர் உதரவிதானம். சுமார் 3 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தத் திரையில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

ஓட்டை வழியாகக் குடல் மார்புக்குள் ஏறிவிடும். நுரையீரல் நசுங்கும். வளராமல் நின்றுவிடும்.

குழந்தை பிறந்த பிறகு ஓட்டையை ஆபரேஷன் செய்து மூடலாம். ஆனால், வளராத நுரையீரலை என்ன செய்வது?

ஆட்டுக்குட்டி காட்டிய வழி

1977ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கருவில் இருந்த ஆட்டுக்குட்டிகளின் மூச்சுக்குழாயை அவர்கள் கட்டினார்கள். நீர் வெளியேற வழி இல்லை. நுரையீரல் பெரிதாக வளர்ந்தது!

வேறு குட்டிகளின் நுரையீரலில் இருந்து நீரை வடித்தார்கள். அந்த நுரையீரல்கள் சிறுத்துப்போயின.

பெரிதான நுரையீரலிலும் ஒரு குறை இருந்தது. நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் ஒன்று உண்டு. அதைச் சுரக்கும் உயிரணுக்கள் அதில் குறைந்திருந்தன. ஆகவே, அடைத்த வழியைப் பிறகு திறந்துவிட வேண்டும்.

பலூன் வைத்தார்கள்

இந்த வழியை மனிதக் குழந்தைகளிடம் பல நாட்டு டாக்டர்கள் சோதித்தார்கள். பெல்ஜியம் நாட்டின் லூவன் நகர டாக்டர் யான் டெப்ரெஸ்ட் இதற்குத் தலைமை வகித்தார். முடிவு 2021இல் வெளியாயிற்று.

கருவுக்கு 27 முதல் 29 வாரம் ஆனபோது, மெல்லிய குழாயைத் தாயின் வயிற்றுக்குள் செலுத்தினார்கள். சிசுவின் வாய் வழியாக மூச்சுக்குழாயில் சிறு பலூனை வைத்தார்கள். 34ஆவது வாரத்தில் அதை எடுத்தார்கள்.

இவர்கள் எல்லோரும் கடுமையான குறை உள்ள குழந்தைகள். பலூன் வைக்காத 40 குழந்தைகளில் 6 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். பலூன் வைத்த 40 பேரில் 16 பேர் பிழைத்தார்கள்!

ஆபத்தும் உண்டு

பலூன் வைத்த தாய்மார்களில் 100க்கு 75 பேருக்குக் குறைமாதப் பிரசவம் ஆயிற்று. மற்றவர்களில் இது 100க்கு 29 பேர்தான். குறை நடுத்தரமாக இருந்த குழந்தைகளுக்குப் பலூனால் திட்டமான பலன் தெரியவில்லை.

ஆகவே இது எல்லோருக்கும் ஏற்ற வைத்தியம் அல்ல. குறை எவ்வளவு கடுமை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர்களுக்கும் பாடம்

விரிவது நுரையீரலை வளர்க்கிறது. அப்படியானால் நோயாளிக்கு நிறையக் காற்று கொடுத்தால் நல்லதுதானே?

இல்லை!

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது வென்டிலேட்டர் என்ற பெயர் வீட்டுக்கு வீடு பரவியது. அது நோயாளிக்காகக் காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம்.

கடுமையாகப் புண்பட்ட நுரையீரலில் பல பகுதிகள் நீர் கோத்து விறைத்திருக்கும். தள்ளும் காற்று முழுவதும் மிஞ்சிய நல்ல பகுதிக்கே போகும். அது அளவுக்கு மேல் இழுபட்டுப் புண்ணாகும்.

அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உயரத்துக்கு ஏற்ற எடை 60 கிலோ என்றால், ஒரு பிரிவினருக்கு ஒரு மூச்சுக்கு 720 மில்லிலிட்டர் காற்று. மறு பிரிவினருக்கு அதில் பாதி, 360 மில்லிலிட்டர்.

முதல் நாட்களில் பெரிய மூச்சு பெற்றவர்களின் ரத்தத்தில்தான் பிராணவாயு நன்றாக இருந்தது. ஆனால், அவர்களில் 100க்கு சுமார் 40 பேர் இறந்தார்கள். சிறிய மூச்சு பெற்றவர்களில் 31 பேர் இறந்தார்கள்.

மருந்து ஏதும் மாறவில்லை. காற்றின் அளவு மட்டுமே குறைந்தது. 100 பேரில் சுமார் 9 உயிர்கள் மிஞ்சின!

எது சரியான அளவு?

நுரையீரலின் உயிரணுக்கள் இழுபடுவதை உணர்கின்றன. அளவான இழுப்பு அவற்றை வளரத் தூண்டுகிறது. அளவு மீறினால் காயப்படுத்துகிறது.

வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவது இல்லை. நுரையீரல் தானே ஆறுவதற்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் புதுக் காயம் உண்டாக்காமல் இருப்பதே டாக்டரின் திறமை.

இயந்திரம் சின்னச் சின்ன மூச்சாகக் கொடுப்பதைப் பார்த்து உறவினர்கள் கலங்க வேண்டியது இல்லை. அது குறை அல்ல, காப்பு.