கோயிலுக்குச் சட்டம் இருக்கு... பழைய சத்திரத்துக்கு? கள்ளக்குறிச்சியின் பாரம்பரியச் சின்னங்களை யார் காப்பது?

கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது வடக்கனந்தல் பேரூராட்சி. இதுபோன்ற ஊரில் நூறு வருஷத்து ஓட்டு வீட்டையோ, சத்திரத்தையோ உரிமையாளர் நாளைக்கே இடித்தால் யாராவது தடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. ஏன்? பார்க்கலாம்.

பழைய கல்லுக்கு என்ன மதிப்பு?

அசோகர் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு ‘சத்தியபுத்திரர்’ என்று ஒரு பெயர் வருகிறது. யார் இவர்? அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி கல்வெட்டு விடை சொன்னது: அந்தப் பட்டத்துக்கு உரியவர்கள் அதியமான்கள். அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரே அதில் இருந்தது. அந்தப் பாறையை முன்பே ஜல்லிக்கு உடைத்திருந்தால்? விடையும் போயிருக்கும்.

இப்போது என்னென்ன சட்டங்கள் இருக்கின்றன?

* மத்திய அரசின் 1958 சட்டம்: இந்தியத் தொல்லியல் துறை பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு. 2010 திருத்தப்படி, சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும்.
* தமிழக அரசின் 1966 சட்டம்: மாநிலத் தொல்லியல் துறை அறிவித்த சின்னங்களுக்கு.
* 1959 அறநிலையத் துறைச் சட்டம்: கோயில்களுக்கு.

அப்புறம் என்ன சிக்கல்?

மூன்றுமே ஏற்கெனவே ஒரு பட்டியலில் ஏறியவற்றுக்குத்தான். வடக்கனந்தல் உமாமகேஸ்வரர் கோயிலைப் பற்றிக் கேட்க ஒரு துறை இருக்கிறது. தனியார் வீடு, சத்திரம், பழைய பள்ளிக்கூடம், சுமைதாங்கிக் கல்? இவை எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டால் கேட்க ஆளில்லை.

சென்னையிலும் இதே கதையா?

ஆமாம். அண்ணா சாலையில் 1897-ல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். ‘இன்டாக்’ அமைப்பு நீதிமன்றம் போனதால்தான் அது நின்றது. 2010-ல் கட்டடத்தைக் காக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் பாதிப்பு நேர்ந்துவிட்டது. தலைநகரில் வழக்குப் போட ஒரு அமைப்பு இருந்தது. சின்ன ஊரில் யார் போடுவது?

இதற்கெனத் தனிச் சட்டம் இல்லையா?

இருக்கிறது. 2012-லேயே தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. பாரம்பரியக் கட்டடங்களை அடையாளம் காண்பதும், அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஆலோசனை சொல்வதும் ஆணையத்தின் வேலை. ஆனா சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. 2021 ஜூனில் 75 உத்தரவுகள் பிறப்பித்த உயர் நீதிமன்றம், ஆணையத்தை அமைக்கச் சொன்னது. சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2024-ல்!

ஊர் மக்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, கணக்கெடுப்பு. பழைய கட்டடங்களைப் படம் எடுங்க. கட்டிய காலம், கட்டியவர் பெயர், பெரியவர்கள் சொல்லும் தகவல் எல்லாவற்றையும் எழுதி வையுங்க. எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால், சுண்ணாம்பு, பெயின்ட் பூசாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்தான். தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பலருக்கும் தெரியும். பெயர் தெரியாத கட்டடங்களுக்குத்தான் பட்டியல் அவசரம். பட்டியலில் ஏறும் முன்பே இடிந்து போனால், எந்தச் சட்டத்தாலும் திருப்பித் தர முடியாது.