உப்பளங்களையும் எண்ணுக

ஆசிரியர் அவர்களுக்கு,

தூத்துக்குடித் துறைமுகத்தின் அபிவிருத்தியைக் குறித்துத் தாங்கள் வரைந்த தலையங்கத்தை ஆனந்தத்துடன் வாசித்தேன். 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, அந்நியரின் ஏகபோகத்தை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்ட அந்தக் கரை, 1974-இல் பெருந்துறைமுகமாக உயர்ந்ததில் பெருமிதம் கொள்ளாதார் யார்? ஆயினும், துறைமுகத்தின் பிரதாபத்தைப் பேசுகிற நாம், நகரைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடக்கும் உப்பளங்களை மறந்துவிடலாகாது. விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பு வாரி, தலைச்சுமையாய் வரப்பேறும் பெண்களின் பாதங்களை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். வெடிப்புதோறும் உப்புப் படிந்திருப்பதால், இரவில் அவர்கள் தேங்காயெண்ணெய் தடவும்போது தம்மையறியாமல் பற்களைக் கடித்துக்கொள்வார்கள். ஐப்பசி மழை இறங்கினாலோ, உப்போடு அவர்தம் ஜீவனமும் கரைந்துபோகிறது.

பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை, தாமிரபரணியின் வண்டலால் கடலை இழந்து, இன்று வயல் நடுவே ஒரு கிராமமாய் இருப்பதும் இப்பக்கத்தில்தான். துறையின் பிரதாபம் நிலையாதென்பதை அது உணர்த்துகிறது; ஆகவே, துறைமுக விஸ்தரிப்புக்குத் திட்டம் வகுப்போர், உப்பளத்தில் நிழலுக்கு ஒரு கூரையையும், குடிக்க நல்ல தண்ணீரையும், கண் கூசாதிருக்கக் கண்ணாடியையும் அத்திட்டத்திலேயே சேர்த்தருள வேண்டும்.

இங்ஙனம்,
ஆத்தூர் வாசகர் ஒருவர்