கூட வந்ததெல்லாம் எங்கே?

அக்டோபர் விடியற்காலை. மொட்டைமாடிப் படிக்கட்டு மூலையில் ஒரு குருவி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணோரம் தடித்த மை, கட்டை வால், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி! வடக்கேயிருந்து ராத்திரி பறந்து வந்தது, மாடி விளக்கில் தடுமாறி ஜன்னல் கண்ணாடியில் மோதியிருக்க வேண்டும்.

"கூட வந்ததெல்லாம் எங்க தாத்தா?" என்றாள் பேத்தி.

வலசை என்றதும் நமக்கும் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வாத்துகள் அப்படித்தான் போகும். சிறு பறவைகளிலும் சூறைக்குருவி ஊரையே திரட்டிக்கொண்டு வரும். தகைவிலான் பகலில் கும்பலாகப் பறந்து, போகிற போக்கிலேயே பூச்சி பிடித்துத் தின்னும். ஆனால் கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி எல்லாம் ராத்திரிப் பயணிகள். அப்போது காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், வல்லூறு தொல்லை இல்லை, பகல்பொழுது இரை தேட மிஞ்சும்.

இருட்டில் நடப்பதை யார் பார்த்தது? 1940களில் அமெரிக்கப் பறவையியலாளர் ஜார்ஜ் லவரி, தொலைநோக்கியை நிலவின் மேல் நிறுத்தி, அதைக் கடந்த பறவை நிழல்களை எண்ணினார். பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாகவே கடந்தன. ஒரே இரவில் லட்சக்கணக்கில் கிளம்பினாலும் தோளுரசிப் போவதில்லை. பல இனங்கள் மட்டும் இருட்டில் சின்னதாகக் குரல் கொடுத்துக்கொண்டே போகும்.

"அப்ப குஞ்சுக்கு வழி யார் சொல்வா?"

அதற்கும் ஒரு கதை உண்டு. 1950களில் பெர்டெக் என்பவர், சூறைக்குருவிக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகள் 11,000-க்கு மேல் நெதர்லாந்தில் பிடித்து, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். விவரம் தெரிந்த மூத்தவை திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்துக்கே திரும்பின. முதல் பயணம் போன இளசுகளோ, பிறவியிலேயே தெரிந்த தென்மேற்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பெயின்வரை போய்விட்டன. கூட்டமாகப் போகிற பறவைக்கே திசை தனக்குள்ளேதான் இருக்கிறது. ஊரைத்தான் போய்ப் பழக வேண்டும்.

குருவியை அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தோம். சாயங்காலம் தெளிந்ததும் கொல்லைப்புற வேலியோரம் விட்டோம். தத்தித் தத்திச் சருகுக்குள் மறைந்தது.

மறுநாள் மாலை, மணி ஆறு. வேலிப்பக்கமிருந்து இரட்டைச் சீழ்க்கை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மாமரத்தடியிலிருந்து இன்னொன்று.

"வந்துட்டாங்க!" என்று கைதட்டினாள் பேத்தி.

வாங்க என்கிறதா, இந்தப் பக்கம் வராதே என்கிறதா? நான் வாயைத் திறக்கவில்லை.