குட்டி யானைக்கு எக்ஸ்ட்ரா பட்டை வேண்டாம்

இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இன்று குட்டி யானை வைத்துப் பிழைக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை விரல்கள் போதவில்லை. ஒருவர் தேங்காய் ஏற்றுகிறார், ஒருவர் சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி, ஒருவர் சிவகாசி அச்சகங்களுக்குப் பேப்பர். வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றால் "டீச்சர்!" என்று கத்திவிட்டுப் போகிறவர்களே நாலு பேர் இருப்பார்கள். மனசுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வண்டி என்னைக் கடந்து போனதும் அதன் பின்பக்கம் நிற்கும் உயரத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

டீச்சருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். என் தம்பி குட்டி யானை வாங்கிய நாளிலிருந்து அதன் வரவு செலவு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எந்தத் தேதியில் ஆயில் மாற்றினோம், எப்போது லைனர் போட்டோம், எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எல்லாம் என் கையெழுத்தில். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

டாடா கம்பெனி ஏஸ் வண்டியை 2005 மே மாதம் இறக்கியது. கிரீஷ் வாக் என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது. மூன்று சக்கர வண்டி வைத்திருந்தவர்களிடம் போய், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், முக்கால் டன் பாரம். வடக்கே சோட்டா ஹாத்தி என்றார்கள், நாம் குட்டி யானை என்றோம். பின்னால் வேறு கம்பெனி வண்டிகள் எத்தனையோ வந்தும் நம் ஊர் வாயில் எல்லாமே குட்டி யானைதான். யானை என்று பெயர் வைத்ததால் யானைப் பாரம் தாங்கும் என்றும் நினைத்துவிட்டோமோ என்னவோ.

புது வண்டி வந்த மாதமே பட்டறைக்குப் போகிறது. பின்பக்கம் கமான் பட்டை இரண்டோ மூன்றோ கூடுதலாகச் சொருகுகிறார்கள். தொட்டிக்கு மேல் இரும்புச் சட்டம் வைத்து உயர்த்துகிறார்கள். சிலர் பின்னால் ஒரு அடி நீட்டியும் விடுகிறார்கள். கேட்டால், "பட்டை போட்டாச்சு டீச்சர், இனி ஒன்றரை டன் அசையாது" என்கிறார்கள்.

பட்டை என்ன செய்யும்? வண்டி உட்காராமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். பட்டை போட்டதால் பிரேக் பெரிதாகவில்லை. அச்சு கனமாகவில்லை. டயர் அதே டயர், சக்கரத்தின் நட்டு அதே நட்டு. முன்பெல்லாம் பாரம் கூடினால் வண்டி உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லிவிடும். பட்டை சொருகி அந்த வாயை அடைத்துவிட்டோம். மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிய குறளை உங்களை எத்தனை தடவை ஒப்பிக்க வைத்திருப்பேன்! தலைக்குள் போகவில்லை போலிருக்கிறது.

ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது அதன் ஓட்டமெல்லாம் பிரேக்கில் சூடாக மாறுகிறது. வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. அந்தச் சூட்டை விழுங்க வேண்டியது முக்கால் டன்னுக்கென்று செய்த அதே டிஸ்க்கும் டிரம்மும்தான்.

இன்னொன்று. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிப்போனால் அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழை அமுக்கலாம், ஆனால் அது பிரேக்கை அமுக்காது. பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. வன்னியம்பட்டியிலிருந்து ராஜபாளையம் போகும் சமதள ரோட்டில் இது தெரியவே தெரியாது. செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கடந்து தென்மலைப் பக்கம் இறங்கும்போதுதான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அங்கே தேங்காய் லோடோடு இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டுவிட்டது. மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினான். கை எலும்பு முறிவோடு போயிற்று. அன்றைக்கு எதிரே ஸ்கூல் பஸ் வரவில்லை என்பதைத் தவிர அதில் அவன் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அவனே அப்படித்தான் சொல்கிறான்.

பட்டறைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. பல சிறு சரக்கு வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் சின்னக் கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். வண்டி பாரத்தில் தாழ்ந்திருந்தால் பின் சக்கரத்துக்குப் பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும், காலியாக உயர்ந்து நின்றால் குறைத்துக் கொடுக்கும். நீங்கள் பட்டை போட்டு உயர்த்திவிட்டால், ஒன்றரை டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். பாரம் கூடியிருக்கும் நேரத்தில் பிரேக் குறையும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் இன்றைக்கே கேளுங்கள்.

பின்னால் நீட்டுவதற்கு ஏற்றப்பலகை விளையாட்டை நினைத்துக்கொண்டால் போதும். பின் அச்சுக்கு அந்தப்பக்கம் வைக்கிற ஒவ்வொரு மூட்டையும் முன் சக்கரத்தைத் தூக்குகிறது. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் கேட்காது.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை இரண்டும் இருக்கும். மூன்றாம் வகுப்புக் கழித்தல். ஓட்டுகிறவர் எடையும் அதற்குள்தான். உரித்த தேங்காய் சுமார் அரைக் கிலோ என்று வைத்தால் முக்கால் டன் வண்டிக்கு 1,500 காய்கூட முழுதாக வராது. இப்போது நீங்கள் ஏற்றுவது எத்தனை?

வண்டியை நம் தொழிலுக்கு ஏற்ப மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வண்டியில் தொட்டியின் அடியில் ரப்பர் விரித்து அதன்மேல் மர ரீப்பர் அடித்திருக்கிறோம். மழையில் அட்டைப்பெட்டி நனைவதில்லை, தகரம் துருப்பிடிப்பதும் குறைந்தது. கயிறு கட்டக் கொக்கிகள், நல்ல தார்ப்பாய், பெட்டி நகராமல் இருக்க நடுவில் எடுத்து மாட்டுகிற ஒரு பலகைத் தடுப்பு. இவ்வளவுக்கும் ஆன செலவை, உடையாமல் போய்ச் சேர்ந்த சரக்கு ஒரு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது. பால்கோவா, துணி ஏற்றுகிறவர்கள் மூடிய பெட்டி வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் மாற்றினால்தான் தொல்லை. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று இருக்கிறது. எப்.சி.க்கு முதல் நாள் பட்டையைக் கழற்றி மறுநாள் மாட்டுகிற கெட்டிக்காரர்களை எனக்குத் தெரியும். டிக்டேஷனுக்கு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்த அதே ஆட்கள்தான்.

என்னைக் கேட்டால் அந்தப் பட்டைக்காசு, கலர் லைட்டுக்காசு, காதைக் கிழிக்கும் ஏர் ஹாரன் காசு மூன்றையும் சேர்த்து நிறுத்துகிற சாமான்களுக்குப் போடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். டிரம்மைக் கழற்றி லைனர் பார்ப்பது. பேரிங்குக்குக் கிரீஸ். காலையில் டயர் சூடாகும் முன் காற்று. நம் தாத்தாக்கள் மாட்டுவண்டி பூட்டும் முன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், வண்டி மை போட மறக்க மாட்டார்கள். அவர்களுக்கு யாரும் சர்வீஸ் புக் கொடுக்கவில்லை.

ஆடி மாதம் இருக்கன்குடிக்கும் சதுரகிரி அடிவாரத்துக்கும் ஆள் ஏற்றுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டியில் ஓசியாக ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அத்தை, சித்தி என்று கூப்பிட்டு ஏற்றுகிறீர்கள். ஏதாவது ஆனால் நஷ்டஈடு உங்கள் வீட்டை விற்றுத்தான்.

இதையெல்லாம் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வது நியாயமில்லை. அதிகப் பாரம் ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஆசையா? மாதத் தவணை கட்ட வேண்டும். டீசல் விலை ஏறியிருக்கிறது. ஒரு நடைக்கு இவ்வளவுதான் என்று வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருப்பவர்கள் லோடு கொடுக்கிறவர்கள். இரண்டு நடையாகப் போக வேண்டியதை ஒரே நடையில் ஏற்றச் சொல்வதும் அவர்கள்தான். "உன்னால் முடியாது என்றால் சொல், வெளியே பத்து வண்டி நிற்கிறது" என்ற வார்த்தையை எங்கள் வாசலிலேயே என் காதால் கேட்டிருக்கிறேன். சட்டத்தின் 194-வது பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட வைக்கிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ரோட்டில் மறித்தால் கையை நீட்டுவது என்னவோ டிரைவரிடம்தான்.

லோடு கொடுக்கும் இடத்தில் இருக்கும் என் மாணவர்களும் உறவுக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏற்றி எவ்வளவு வாடகை கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஓட்டுகிற பிள்ளைகளும் எழுதுங்கள், பயப்பட வேண்டாம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்க்க வேண்டும்.