நிறுத்துத் தாருங்கள்

அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டாரிற் சிலர் இக்காலத்தில் விடுதிகளை நாடுவதில்லை. வான் ஒன்றினுள்ளே கட்டிலும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்தி, அதனையே வீடாகக் கொண்டு ஊரூராகச் செல்கின்றனர். அத்தகைய வண்டிகள் பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு நோக்கிப் போவதை எமது வாசகர்களுட் பலர் கண்டிருப்பர். அடுப்புக்குரிய எரிவாயு தீர்ந்துபோனால் அவர்கள் முதலில் தேடுவது பெற்றோல் செட்டை. அவர்களுடைய நாடுகளிற் பலவற்றில் வழக்கம் அது. இங்கோ பெற்றோல் செட்டிற் கைவிரிப்பார்கள். எரிவாயு விற்கும் கடைக்குப் போனால், "இந்தக் கம்பெனியின் வெறுஞ் சிலிண்டரைக் கொண்டு வாருங்கள், நிறைந்ததைத் தருகிறோம்" என்பதே விடை.

வந்தவர் எப்படியும் சமாளித்துக்கொள்வார். கல்முனையிற் கொத்துரொட்டிக்குப் பஞ்சமில்லை. அவர் பொருட்டு ஓர் ஆசிரியத் தலையங்கம் வரைய வேண்டிய கடப்பாடு எமக்கில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி அற்பமான கேள்வியன்று. "போத்தல் என்னுடையது, வேண்டிய அளவை அதில் நிறுத்து ஊற்றி, ஊற்றிய அளவுக்கு மாத்திரம் காசு வாங்குங்கள்" என்பதே அவர் வேண்டியது. அரிசியை நாம் அவ்வாறே வாங்குகிறோம். மண்ணெண்ணெயையும் பெற்றோலையும் அவ்வாறே வாங்குகிறோம். நாவிதன்வெளி விவசாயி தன் நெல்லை விற்கும்போது, ஈரம் என்றும் பதர் என்றும் கழித்து, கிராமுக்குக் கிராம் நிறுத்தே வியாபாரி வாங்குகிறார். அதே விவசாயி எரிவாயு வாங்கப் போனால் மட்டும் தராசு மறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பதைக் கண்ணாற் காண முடியாத ஓர் இரும்புக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எழுதியிருப்பது உண்மை என்று நம்பி வீடு திரும்புகிறார்.

இவ்வழக்கம் எவ்வாறு வந்தது? 1995 ஆம் ஆண்டிற் கொழும்பு எரிவாயுக் கம்பெனியின் 51 வீதப் பங்குகளை அரசாங்கம் ஷெல் நிறுவனத்துக்கு விற்றது. அத்துடன் ஐந்தாண்டு ஏகபோகமும் கொடுக்கப்பட்டது. அதன் பின் லாஃப்ஸ் என்ற இரண்டாவது கம்பெனி சந்தைக்கு வந்தது. 2010 இல் அரசாங்கம் ஷெல்லின் பங்கைத் திரும்ப வாங்கி லிற்றோ என்று பெயரிட்டது. முதலாளிகள் மாறினர், கொள்வோன் நிலை மாறவில்லை. நாம் வைப்புப் பணம் கட்டிப் பெறும் சிலிண்டர் எமது சொத்தன்று, கம்பெனியின் சொத்து. ஆகலின் அதனைப் பிறர் நிரப்பலாகாது. ஒரு கம்பெனியின் சிலிண்டரை வைத்திருப்பவன் மற்றக் கம்பெனியிடம் எளிதிற் போகவும் முடியாது. ஒருவரிடம் கையிருப்புத் தீர்ந்து மற்றவரிடம் இருந்த நாட்களில் இதன் பொருளை எமது தாய்மார் நன்கு உணர்ந்தனர். கட்டிய வைப்புப் பணத்தின் பற்றுச்சீட்டு எத்தனை வீடுகளில் இன்று பத்திரமாக இருக்கிறது என்று வாசகர்கள் தத்தம் அலுமாரிகளைத் திறந்து பார்ப்பார்களாக. நாம் பார்த்தோம், எமது அலுமாரியில் இல்லை. பிறருக்கு ஆவணங்களைப் பேணும்படி புத்தி சொல்லுந் தொழில் எம்முடையது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு வீட்டுவண்டிக்காரர் தமது போத்தலுடன் எரிவாயு நிரப்பும் நிலையத்துக்குப் போகிறார். பயிற்சி பெற்ற ஊழியர் நிரப்புகிறார். உள்ளே சென்ற அளவுக்கே பணம். போத்தலில் மிச்சம் இருந்திருந்தால் அது அவருடைய மிச்சமாகவே இருக்கிறது. எமது முறையிலோ, அடுப்புச் சுடர் தளர்ந்ததும் சிலிண்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதன் அடியில் எஞ்சியிருப்பது காற் கிலோவோ அரைக் கிலோவோ, அதற்கும் முன்னரே பணம் கொடுத்தவர் நாம். திரும்பப் பெறுபவர் அதற்கு ஒரு சதமும் தருவதில்லை. 2024 ஜூலையிற் கொழும்பில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 3,690 ரூபா. ஒரு கிலோ 295 ரூபாவுக்குச் சற்று மேல். தூர மாவட்டங்களிற் போக்குவரத்துச் செலவும் சேர்வதால் அம்பாறைக்காரன் இன்னும் கூடக் கொடுக்கிறான். அரைக் கிலோ எஞ்சினாலும் அரைக் கிலோ குறைந்தாலும் நூற்றைம்பது ரூபா போயிற்று. ஒரு வீட்டுக்கு இது சிறு தொகை என்பார்கள். கல்முனை முதல் மத்தியமுகாம் வரை எத்தனை அடுப்புகள் என்று எண்ணிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

கம்பெனிகளை நம்பலாமே என்று கேட்போருக்கு 2021 ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டில் 12.5 கிலோ சிலிண்டர் கிடைப்பது அரிதாகியிருந்த வேளையில், 18 லீற்றர் என்ற புதிய அளவில் ஒரு சிலிண்டர் சந்தைக்கு வந்தது. லீற்றரிற் சொன்னால் எண் பெரிதாகத் தோன்றும். தராசில் வைத்தால் அது பத்துக் கிலோவுக்கும் குறைவு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை தலையிட நேர்ந்தது. ஒக்டோபரில் அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1,493 ரூபாவாக இருந்த சிலிண்டர் 2,675 ரூபாவாயிற்று. அடுத்த மாதமே நாடெங்கும் அடுப்புகள் வெடிக்கலாயின. உயிர்களும் போயின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, எரிவாயுவின் கலவை மாற்றப்பட்டமையே தலையாய காரணம் என்று கண்டது.

கலவை என்பது யாது? சமையல் எரிவாயுவில் பியூட்டேன், புறொப்பேன் என்ற இரண்டு கலந்துள்ளன. பியூட்டேன் பூச்சியம் பாகைக்குச் சற்றுக் கீழே கொதிப்பது. புறொப்பேனோ பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகையிலேயே ஆவியாவது. குளிர் நாட்டு வண்டிக்காரனுக்குப் புறொப்பேன் வேண்டும். இல்லையேற் பனிக்காலத்தில் அவனது அடுப்பு எரியாது. எமது வெப்பத்திலோ புறொப்பேனின் அமுக்கம் பியூட்டேனினதைப் போல் மூன்று மடங்குக்கு மேல். அதன் பங்கு கூடினால், பழைய ரெகுலேற்றரும் வெடிப்பு விழுந்த குழாயும் புதிய அமுக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அந்தப் பங்கு மாற்றப்பட்டதை அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு எவரும் சொல்லவில்லை. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. டிசம்பரில், கசிவை மூக்குக்கு உணர்த்தும் வாசனைப் பொருள் போதாது என்று ஒரு கப்பலின் எரிவாயுவுக்கு இறக்க அனுமதி மறுக்கப்பட்டது. அளவையும் தரத்தையும் விற்பவனின் நாணயத்துக்கு விட்டுவிட்டு உறங்கலாம் என்பார் இவற்றையெல்லாம் மறந்தவராவர்.

அதன் பின் வந்த 2022 ஐப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வெறுஞ் சிலிண்டர்களைக் கயிற்றாற் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு வீதியோரம் படுத்த இரவுகள் எல்லோருக்கும் உண்டு. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றது, டொலர் இல்லை. ஏப்ரல் இறுதியில் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. தெரிந்த ஒருவருக்கு ஒரு சொல் சொல்லி நாமும் அந்நாட்களில் ஒரு சிலிண்டர் பெற்றதுண்டு என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இனி நாவிதன்வெளியின் தனிக் குறைக்கு வருவோம். கெரவலப்பிட்டியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கல்முனைக்கு வந்து சேரும் எரிவாயு, எமது பிரதேசத்துக்கு வருவதற்கு இன்னும் ஒரு தடை தாண்ட வேண்டும். அது கிட்டங்கித் தாம்போதி. மாரி பிறந்து ஆற்றுநீர் பெருகினால் தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்கிறது; கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடையிற் போக்குவரத்து அறுகிறது. லொறி அக்கரையில், அடுப்பு இக்கரையில். அவ்வேளையில் ஈர விறகுமில்லை. விறகுக்குக் காட்டோரம் போனால் யானைப் பயம். பாயும் தாம்போதியைத் துணிந்து கடப்பதன் விலை யாது என்பதை 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அள்ளுண்ட மதரசாப் பிள்ளைகளின் சாவு எமக்குச் சொல்லிற்று. சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நீரில் இறங்கும் ஒரு தந்தைக்கு அந்த விலை தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? தெரியும். வீட்டிற் பிள்ளைக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

வயல் வாடியின் நிலை வேறொன்று. பெரும்போக வேளாண்மைக் காவலுக்கு வாடியில் தங்குவோர் 12.5 கிலோவைச் சுமந்து செல்ல முடியாது, 2.3 கிலோ அல்லது 5 கிலோ போத்தலே அவர்களுக்கு ஏற்றது. அது கடையிற் கிடைக்காத நாட்களில், பெரிய சிலிண்டரைக் கவிழ்த்துக் குழாய் பூட்டிச் சிறியதற்குள் இறக்கும் வித்தை நடைபெறுகிறது. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். திரவ எரிவாயு சூட்டில் விரிவது. போத்தலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. மிகுதி இடம் விரிவதற்கு உரியது. முழுவதும் நிரம்பிய போத்தல் வெயிலிற் கிடந்தால் இரும்பே பிளக்கும். சிந்துகின்ற ஒரு லீற்றர் திரவம் இருநூற்றைம்பது லீற்றர் அளவான வாயுவாகப் பெருகும்; காற்றைவிடப் பாரமானதாகையால் மேலே போகாமல் நிலத்திற் படர்ந்து, பக்கத்திலுள்ள சிகரட் நெருப்பைத் தேடிச் செல்லும். வெளிநாட்டு வண்டிக்காரரின் மீள்நிரப்பும் போத்தலில் எண்பது வீதம் ஆனதும் தானே அடைக்கும் ஓர் அடைப்பு உண்டு. அமெரிக்காவிற் சிறு போத்தல்களுக்கு அத்தகைய பாதுகாப்பு அடைப்பு இல்லாவிடில் 2002 முதல் நிரப்புவதே சட்டவிரோதம். எமது வீட்டுச் சிலிண்டர்கள் ஆலையில் நிறையளந்து நிரப்பப்படுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் அந்த அடைப்பு இல்லை. ஆதலால் பெற்றோல் செட்டுக் குழாயை இச்சிலிண்டரிற் பூட்ட அனுமதியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர் இருந்தால் அவர் பக்கத்து வளவிற் குடியிருக்க நாம் விரும்போம்.

நாம் கேட்பது வேறு. முதலாவது, தராசு. எரிவாயு விற்கும் ஒவ்வொரு கடையிலும் முத்திரையிட்ட தராசு இருக்க வேண்டும். கொள்வோன் கேளாமலே நிறுத்துக் காட்ட வேண்டும். வெறுஞ் சிலிண்டரின் நிறை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கழித்துப் பார்க்க எமது பிள்ளைகளுக்குத் தெரியும். இந்தியாவில் 14.2 கிலோ சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவருபவர் நிறுத்துக் காட்டக் கடமைப்பட்டவர். இங்கும் 1995 இன் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டமும் 2003 இன் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் ஏட்டிற் கிடக்கின்றன. புதுச் சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தின் கீழ் ஒரு பணிப்புப் போதும். அதே தராசில், திரும்பிவரும் சிலிண்டரையும் நிறுத்து, எஞ்சியதன் விலையைக் கழிக்க வேண்டும். இதற்குக் கம்பெனிகள் கணக்கு வழக்குச் சிரமம் என்பர். நெல்லின் ஈரத்துக்குக் கணக்குப் பார்க்க முடிந்த நாட்டில் இதற்கு மட்டும் ஏன் முடியாது என்பதே எமது பதில்.

இரண்டாவது, கல்முனைப் பகுதியில் உரிமம் பெற்ற ஒரு நிறையளவு நிரப்பு நிலையம். குடியிருப்புக்கு விலகிய இடம், பயிற்சி பெற்ற ஊழியர், தன்னடைப்புள்ள போத்தலுக்கு மாத்திரம் நிரப்புதல் என்ற நிபந்தனைகளோடு அது அமையலாம். எரிவாயுவில் ஓடும் வாகனங்கள் இந்நாட்டில் 1990 களின் நடுப்பகுதியிலிருந்தே உள்ளன. வாகனத் தாங்கியை நிரப்பத் தெரிந்த நாட்டுக்கு இது புதிய வித்தையன்று. வாடிக்கு ஒன்றரைக் கிலோ வேண்டியவன் ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கொடுப்பான். அந்த வெள்ளையனும் தன் வண்டியை நிறுத்தி வாங்கிப் போகட்டும்.

மூன்றாவது, மாரிக்கு முன் தாம்போதிக்கு இக்கரையில், சவளக்கடையிலோ மத்தியமுகாமிலோ, பாதுகாப்பான ஒரு களஞ்சியம். இதற்குப் பெருந்தொகை வேண்டாம். ஒக்டோபர் முடியுமுன் லொறிகள் சிலவற்றை இப்பக்கம் அனுப்பி இறக்கி வைக்கும் அக்கறைதான் வேண்டும். கிட்டங்கியில் உயர்ந்த பாலம் அமைவது நிரந்தரப் பரிகாரம். அதனைக் கேட்டுக் கேட்டு எமது குரல் கம்மிவிட்டது, கேட்பதை விடப்போவதில்லை.

கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் எமது நிலைப்பாடு யாவரும் அறிந்தது. அதில் இம்மியளவும் மாற்றமில்லை. ஆனால் எமக்கு எரிவாயு விற்கும் கல்முனை முஸ்லிம் வியாபாரியும் கம்பெனி கொடுத்ததையே நிறுக்காமல் வாங்கி நிறுக்காமல் விற்கிறார். குறைந்தால் திட்டு அவருக்கு. நாவிதன்வெளிப் பிரதேசத்திலுள்ள முஸ்லிம் கிராமங்களுக்கும் அதே தாம்போதிதான். சந்தை வர்த்தகர் சங்கங்களும் எமது விவசாய அமைப்புகளும் இந்த ஒரு கோரிக்கையில் ஒரே கடதாசியிற் கையொப்பமிட எவ்விதத் தடையும் இல்லை.

நாவிதன்வெளிப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இம்மூன்றையும் எழுத்தில் முன்வைக்குமாறு அன்னமலை, சொறிக்கல்முனை, வேப்பையடி விவசாய அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறோம். மனுவை வரைந்து கொடுக்கும் பணியை நாம் ஏற்கிறோம். அதற்கிடையில், சிலிண்டர் வாங்கும் வாசகர்கள் ஒவ்வொருவரும் அதனை நெல் ஆலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உள்ள தராசில் ஏற்றி, நாளையும் நிறையையும் ஒரு துண்டுக் கடதாசியிற் குறித்து எமக்கு அனுப்புவார்களாக. அதிகார சபையின் முன் வைக்க எமக்கு அவை வேண்டும்.