சோறு இறங்காத புற்றுநோயாளிகளுக்குச் சின்ன மாத்திரை! புதுவை ஜிப்மர் கண்ட பலன்

"ஒரு வாய் சாப்பிடுப்பா" என்று வீட்டில் கெஞ்சுவார்கள். நோயாளியோ தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக் கொள்வார். வயிறு, கணையம், ஈரலில் புற்றுநோய் முற்றி, கீமோதெரபி ஏற்றிக் கொள்ளும் பலரது வீட்டில் தினமும் நடக்கிற கதை இது.

இது வீம்பு அல்ல. நோயும் மருந்துமாகச் சேர்ந்து பசியையே அடித்து விடுகின்றன. சாப்பாடு குறைந்தால் எடை குறையும். உருகிப்போன உடம்பு அடுத்த ஊசியைத் தாங்காது. டாக்டர் மருந்தைக் குறைப்பார். அல்லது தள்ளிப் போடுவார். அதற்குள் நோய் முந்திக் கொண்டால்? அங்கேதான் ஆபத்து!

124 பேரிடம் சோதனை

இதற்கு வழி தேடிப் புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வயிறு, ஈரல், கணையம், பித்தப் பாதை, நுரையீரல் புற்றுநோய் முற்றிய 124 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு 'ஓலான்சபைன்' 2.5 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

2023-ல் முடிவு வெளியானது. எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் மருந்துப் பிரிவில் 100-க்கு 60 பேர். வெறும் மாத்திரைப் பிரிவில் 9 பேர்தான். கீமோவின் கடுமையான பக்க விளைவுகள் வெறும் மாத்திரைக்காரர்களில் 100-க்கு 37 பேரை வாட்டின. மருந்துப் பிரிவில் 12 பேரைத்தான். அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்கள் சங்கமும் இந்த மாத்திரையைச் சிபாரிசு செய்தது.

பைத்திய மாத்திரையா?

மனநோய்க்குக் கொடுக்கும் பழைய மாத்திரைதான் இது. சீட்டில் பெயரைப் பார்த்து, "எங்க அப்பாவுக்குப் பைத்தியமா?" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அளவு மிகக் குறைவு. விலையும் சில ரூபாய்தான்.

ஆனால் ஒன்று: கட்டியைக் கரைக்கும் மருந்து இது இல்லை. தூக்கம் வரும், சர்க்கரை ஏறலாம். கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

அடுத்த முறை கீமோவுக்குப் போகும்போது, "சாப்பாடு இறங்கவில்லை, இத்தனை கிலோ குறைந்து விட்டார்" என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாத பசியை எந்த ஸ்கேனும் காட்டாது.